நிகழாத போரும் நீங்காத புகையும்

வரலாற்றைப் பயில்வோர் மனத்திலே அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு. நடந்தது நடவாதிருப்பின் உலகம் எவ்வாறு அமைந்திருக்கும்? சான்றுகளை வேண்டிநிற்கும் வரலாற்றாசிரியன் இவ்வினாவைச் சற்றுக் கூச்சத்தோடு ஒதுக்கிவிடுவான். கலைஞனுக்கு அத்தகைய தடை எதுவுமில்லை. 2015 ஆம் ஆண்டிலே வெளிவந்த பிரெஞ்சு அசைவூட்டப் படமொன்று இவ்வினாவையே தன் கருவாகக் கொண்டது. ‘அவ்ரிலும் திரிக்கப்பட்ட உலகும்’ எனப் பொருள்படும் பெயருடைய அப்படத்தைக் கிறிஸ்தியான் தெமார், பிராங்க் எகின்சி ஆகிய இருவர் நெறிப்படுத்தினர். அன்சி நகரிலே நிகழும் அனைத்துலக அசைவூட்டப்பட விழாவில் அவ்வாண்டின் சிறந்த முழுநீளப் படத்துக்குரிய பரிசையும் அது பெற்றது.

படத்தின் தொடக்கம் 1870. பிரஷ்யாவோடு போர் தொடுக்கவிருக்கும் மூன்றாம் நெப்போலியன், இரகசிய ஆய்வுகூடம் ஒன்றுக்குச் செல்கிறான். படைவீரரை எவராலும் வெல்லமுடியாதவராக்கும் மருந்து அங்கே ஆக்கப்படுகிறது. அவன் அங்கு காண்பதோ பேசும் விலங்குகளை மட்டுமே. சினமுற்ற அரசனின் செயல் வெடிவிபத்திலே முடிய, அரசனும் விஞ்ஞானியும் மாண்டுபோகின்றனர். அடுத்து அரியணையேறும் மைந்தன் பிரஷ்யாவோடு சமாதானம் செய்துகொள்கிறான்.

உண்மை வரலாறு வேறு. 1870 யூலையிலே போர் மூண்டது. செப்தெம்பரில் செடான் களத்தில் மூன்றாம் நெப்போலியன் சரணடைந்தான். மறு ஆண்டில் வெர்சேய் மாளிகையிலே ஜேர்மன் பேரரசு பிரகடனப்படுத்தப்பட்டது. அல்சாசும் லொரேனின் ஒரு பகுதியும் பிரான்சின் கைநழுவின. அவ்விழப்பின் வடு 1914 வரை ஆறவேயில்லை. படத்திலே சமாதானம் செய்யும் அந்த மைந்தனோ, நாடிழந்து இங்கிலாந்திலே வளர்ந்து, 1879 இல் தன் 23 ஆம் வயதில் சூலு நாட்டுப் போரிலே பிரித்தானியப் படையோடு சென்று மடிந்தான்.

ஆகவே, ஒரு போரைத் தவிர்த்துவிட்டால் அதன் வழிவந்த பெரும் போர்களும் இல்லையாகிவிடும். மானிடம் தழைத்திருக்கும் என்றே எவரும் எண்ணுவர். இப்படம் அவ்வெண்ணத்தைத்தான் மறுக்கிறது. போர் நிகழவில்லை, பேரரசு அழியவுமில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல விஞ்ஞானிகள் ஒருவர்பின் ஒருவராக மறைந்துபோகின்றனர். மின்சாரம் மக்கள் வாழ்வை எட்டவில்லை. பெற்றோலியத்தின் பயனை எவரும் அறியார். நீராவி ஒன்றே உலகை இயக்குகிறது. நிலக்கரி தீர்ந்தபின் காடுகள் கரியாக்கப்படுகின்றன. ஐரோப்பாவின் மரங்களும் அற்றுப்போக, அமெரிக்காவின் காடுகளுக்காகப் புதிய போர் மூள்கிறது. தவிர்க்கப்பட்ட போர் வேறு வழியாகத் திரும்பிவருகிறது.

நீராவி யுகம் முடிவுறாத இத்தகைய கற்பனை உலகங்களைச் சித்திரிக்கும் கதைவகையை மேனாட்டார் ‘ஸ்டீம்பங்க்’ என்பர். இவ்வகைப் படைப்புகள் பலவற்றிலே பித்தளைச் சக்கரங்களும் ஆகாயக் கப்பல்களும் கண்ணுக்கு விருந்தாக மட்டுமே நின்றுவிடும். இங்கு அவை ஓர் இழப்பின் கணக்காக அமைகின்றன. நாமறிந்த வரலாற்றிலே 1876 இல் ஓட்டோவின் இயந்திரமும், 1879 இல் எடிசனின் மின்விளக்கும், 1885 இல் பாஸ்டரின் விசர்நாய்க்கடித் தடுப்பு மருந்தும், 1898 இல் கியூரி தம்பதியரின் ரேடியமும் வந்து சேர்ந்தன. அறிஞர் இல்லாத உலகிலே இவற்றுள் எதனை எதிர்பார்க்கலாம்? பாரிஸ் நகரின் நடுவே ஒன்றுக்கு இரண்டாக நிமிர்ந்து நிற்கும் ஈஃபெல் கோபுரங்களைப் பார்ப்போர் முதலில் வியப்பர். அவற்றைச் சூழ்ந்த கரிப்புகையைக் கண்டதும் வியப்பு அடங்கிவிடும்.

இவ்வுலகுக்கு உருக்கொடுத்தவர் சித்திரக்கதைக் கலைஞர் ஜாக் தார்தி. முதலாம் உலகப் போரின் பதுங்குகுழிகளையும் அவற்றிலே மாண்ட எளிய வீரரையும் திரும்பத் திரும்ப வரைந்தவர் அவர். அப்போரின் கொடுமையை அத்துணை அறிந்த ஒருவரின் கைவண்ணத்திலே, அப்போர் நிகழாத உலகு பொன்னுலகாகத் தோன்றவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

கதையின் நாயகி அவ்ரில் விஞ்ஞானிகளின் குடும்பத்திலே பிறந்தவள். 1931 இல் பெற்றோரை இழந்து, பத்தாண்டுகளின் பின் மாபெரும் சிலையொன்றின் வெற்றுத் தலைக்குள் ஒளிந்து வாழ்கிறாள். எஞ்சிய விஞ்ஞானிகளை அரசு தேடிப் பிடித்துப் படைக்கல ஆக்கத்திலே ஈடுபடுத்துவதால் கற்றவர் யாவரும் மறைந்து வாழவேண்டிய நிலை. உண்மையான 1941 இலே பாரிஸ் நாஜிகளின் பிடியில் இருந்தது. படத்தின் 1941 இலே அந்நியர் எவருமில்லை. சொந்த நாட்டுக் காவலரே கற்றவரைத் துரத்துகின்றனர்.

மறைந்த விஞ்ஞானிகளைக் கவர்ந்து சென்றவை பேசும் பல்லியினங்கள் எனப் பிற்பகுதியிலே தெரியவருகிறது. படத்தின் குறை இவ்விடத்தேதான் உளது. மானிடரின் குற்றத்தை விலங்குகளின் தலையிலே சுமத்தும்போது கதை வேகம் பெறுகிறது, கருத்து மெலிவுறுகிறது. பல்லிகள் வராதிருப்பினும் அவ்வறிஞர்க்கு விடுதலை ஏது? ஒரு வாயிலில் பல்லி நின்றது. மறு வாயிலில் அரசு நின்றது. அறிஞரைத் தனக்கென அடைத்துவைக்க விரும்பியதில் இரண்டுக்கும் வேறுபாடில்லை.

ஆயினும், இக்குறையை மறக்கச் செய்யும் ஓர் உறவு படத்திலே உண்டு. அவ்ரிலுக்குத் துணையாக இருப்பது டார்வின் என்னும் பேசும் பூனை. அது முதுமையுற்று நோயில் வீழ்ந்துள்ளது. அதனைக் காப்பதற்காகவே அவள் இரசாயனப் பொருள்களைத் திருடியேனும் குடும்பத்தின் ஆய்வைத் தொடர்கிறாள். அவள் தேடும் மருந்து, 1870 இலே அரசன் தேடிய அதே மருந்து. அவன் அதனைக் கொல்வோர் சாகாதிருக்க வேண்டினான். அவளோ தன்னோடு வாழ்ந்த ஓர் உயிர் சாகாதிருக்க வேண்டுகிறாள்.

அறிவு யாருக்காக என்ற வினாவுக்கு விடை காணாதவரை, வரலாற்றின் ஒரு நிகழ்ச்சியை மாற்றுவதால் மட்டும் உலகு மாறிவிடாது. பேரரசின் ஆய்வுகூடம் எழுபது ஆண்டுகளாகக் காணாத அவ்விடையை, புகை படிந்த சிலையொன்றினுள்ளே நோயுற்ற பூனையின் அருகே விழித்திருக்கும் ஒரு பெண் கண்டுகொள்கிறாள்.