சாச்சி வீட்டுப் பானை

மலர்க் குழு நண்பர்கள் என்னிடம் வந்து, “உங்கள் அந்தமானில் நடக்கும் தொழில் ஒன்றைப் பற்றி எழுதித் தாருங்கள்” என்றார்கள். சாத்தம் தீவில் 1883-ஆம் ஆண்டில் தொடங்கிய மரம் அறுக்கும் ஆலையைப் பற்றி எழுதுவேன் என்று எண்ணியிருப்பார்கள். அதைப் பற்றி எழுதப் பலர் உண்டு. நான் எழுதப் போவது ஒரு பீர் ஆலையைப் பற்றி.

அந்தமானில் பீர் ஆலை ஏது என்று கேட்பீர்கள். நான் சொல்லும் ஆலைக்குப் புகைபோக்கி இல்லை, பெயர்ப்பலகை இல்லை, கூலிக்கு ஆளும் இல்லை. முதலாளியும் தொழிலாளியும் ஒருவரே. அவர் எங்கள் பக்கத்து வீட்டுச் சாச்சி. அவருக்கு முன் அத்தொழிலைப் பார்த்தவர் அவர் மாமியார். அவருக்கும் முன் அந்த மாமியாரின் மாமியார். மூன்று மண்பானைகள், ஒரு மூங்கில் முறம், ஒரு பாய் ஆகியவையே மூலதனம். பானையில் விளையும் பொருளின் பெயர் ஹண்டியா. ‘ஹண்டி’ என்றால் பானை. தமிழில் சொல்வதானால் அரிசிக்கள்.

சாச்சி என்பது சிற்றன்னையைக் குறிக்கும் இந்திச் சொல். எங்கள் தீவில் தமிழர், வங்காளியர், தெலுங்கர், மலையாளிகள் என யார் வீட்டுப் பிள்ளையானாலும் தெருவில் இறங்கியதும் பேசுவது இந்துஸ்தானிதான். ஆகவே, பெற்றவளை அம்மா என்றும், வேலிக்கு அப்பால் இருப்பவரைச் சாச்சி என்றும் அழைத்து வளர்ந்தேன். அவர் குடும்பத்தாரை ஊரார் ‘ராஞ்சிக்காரர்’ என்பார்கள். அது சாதிப் பெயர் அன்று. மொழிப் பெயரும் அன்று. எந்த ஊரிலிருந்து ஆள் பிடித்து அனுப்பினார்களோ அந்த ஊரின் பெயர். மூட்டையின்மேல் எழுதுவார்களே, அதைப் போன்றது.

1858-இல் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியிருப்பு அமைத்த வெள்ளையர் அரசு, பல ஆண்டுகள் கைதிகளைக் கொண்டே காடு வெட்டிற்று. பிறகு அது போதவில்லை. 1918 முதல் சோட்டா நாகபுரி மேட்டுநிலத்து ஓராவோன், முண்டா, காரியா மக்களை ராஞ்சியிலிருந்த கத்தோலிக்கத் தொழிலாளர் அமைப்பின் வழியாக ஒப்பந்தக் கூலிகளாக வருவித்தார்கள். படாக் மரத்தை வெட்டியவர்களும், யானை இழுத்துவந்த கட்டைகளைக் கரையில் அடுக்கியவர்களும், சாலை போட்டவர்களும் அவர்களே. ஒப்பந்தம் முடிந்தவுடன் திரும்பிப் போனவர் பலர், தங்கியவரும் பலர். பாராடாங்குத் தீவிலும் நடு அந்தமானிலும் அவர்கள் ஊர்கள் இன்றும் உள்ளன. விடுதலைக்கு வித்திட்டவர்கள் என்று சிறைக்கூடத்துச் சுவரில் பெயர் பொறித்திருக்கிறார்கள்; நியாயமே. காட்டை வெட்டி ஊராக்கியவர்களின் பெயரை எந்தச் சுவரிலும் நான் பார்த்ததில்லை.

இனிப் பானைக்கு வருவோம்.

நியாயவிலைக் கடையில் வாங்கிய புழுங்கலரிசியைச் சாச்சி மாலையில் உலையிலிடுவார். நாம் உண்ணும் பதத்துக்குச் சற்று முன்பே இறக்கி, பாயில் பரப்பி ஆறவிடுவார். ஆறுவதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. சூடு மிஞ்சினால் சேர்க்கப்போகும் மருந்து செத்துப்போகும். முற்றும் குளிர்ந்தால் அது எழுந்திருக்கச் சோம்பும். வெப்பமானி எதுவும் அவரிடம் இல்லை. புறங்கையைச் சோற்றின்மேல் வைப்பார். “குழந்தையைக் குளிப்பாட்டும் வெந்நீர் எப்படி இருக்கவேண்டும்? அப்படி” என்பார்.

அந்த மருந்தின் பெயர் ராணு. அரிசி மாவோடு காட்டு வேர்களையும் பச்சிலைகளையும் இடித்துச் சேர்த்து, எலுமிச்சைக்கும் சிறிய உருண்டைகளாகப் பிடித்து, வைக்கோலில் வைத்து உலர்த்தியது. பார்வைக்குச் சுண்ணாம்புக் கட்டி. சோட்டா நாகபுரிக் காட்டில் உள்ள வேர்கள் எல்லாம் எங்கள் தீவில் கிடைப்பதில்லை. ஆகையால் கல்கத்தாக் கப்பலில் வரும் உறவினர் எவரேனும் துணியில் முடிந்து கொண்டுவருவர். கடலில் மூன்று நாள் நான்கு நாள் ஆகும். அதை ஒரு பிஸ்கோத்துத் தகரத்தில் போட்டு, அடுப்புக்குமேல் பரணில் வைத்திருப்பார். வீட்டில் நகை இருந்த இடம் எனக்குத் தெரியும். அந்தத் தகரம் இருந்த இடத்தைச் சாச்சி யாருக்கும் காட்டமாட்டார்.

இரண்டு மூன்று உருண்டைகளை நொறுக்கிச் சோற்றில் தூவிப் பிசைந்து, பானையில் இட்டு, வாயை இலையால் மூடிக் கட்டிவிடுவார். மூன்றாம் நாள் வீடெங்கும் ஒரு மணம் எழும். பழுத்த பலாப்பழமும் புளித்த மாவும் ஒன்றாய்க் கலந்தாற்போன்ற மணம். பிறகு தண்ணீர் ஊற்றிக் கையால் பிசைந்து வடிப்பார். முதல் வடிப்பு திண்மையானது. இரண்டாம் வடிப்பு நீர்த்தது. சக்கை பன்றிக்கும் கோழிக்கும் போகும்.

நான் சுவைத்ததுண்டா? உண்டு. கருமாத் திருநாளில், கரம் மரக்கிளைக்குப் பதிலாகக் கிடைத்த ஒரு கிளையை முற்றத்தில் நட்டு அவர்கள் ஆடியபோது, வயது வந்த எனக்கும் ஒரு குவளை கொடுத்தார்கள். குடிக்குமுன் சில துளிகளை நிலத்தில் சிந்தவேண்டும். அது முன்னோர் பங்கு. வாயில் வைத்தேன். நம் வீட்டு நீராகாரத்தின் அண்ணன் என்று தோன்றியது. அதே வெண்மை, அதே புளிப்பு. அடியில் ஓர் இனிப்பு. பிறகு காதோரம் இலேசான சூடு. அவ்வளவே.

விஞ்ஞான மாணவர்களுக்காக ஒரு சொல். அரிசியில் உள்ளது மாவுப்பொருள். அதை நொதி நேரே உண்ண முடியாது. முதலில் சர்க்கரையாக மாறவேண்டும். ஐரோப்பியர் பார்லியை முளைக்கட்டி, அந்த முளையிலுள்ள சத்தைக் கொண்டே இதைச் செய்கின்றனர். ராணுவில் பூஞ்சைகள் இருக்கின்றன. அவை மாவைச் சர்க்கரையாக்க, உடன் இருக்கும் நொதிகள் அந்தச் சர்க்கரையைச் சாராயச் சத்தாக்குகின்றன. இரண்டு வேலையும் ஒரே பானையில் ஒரே வேளையில் நடக்கின்றன. சப்பானியரின் சாக்கே என்னும் அரிசி மதுவும் இம்முறையிலேயே விளைகிறது.

ஆங்கிலேயரின் பழைய பீருக்கு ‘ஏல்’ என்று பெயர். அது மிதமான வெப்பத்திலேயே விரைவில் நுரைத்து விளைவது. இன்று கடைகளில் மிகுதியாக விற்கும் ‘லாகர்’ குளிரில் பல வாரம் கிடந்து தெளிவது. குளிர்ப்பொறி வருமுன் இந்தியாவில் பீர் வேண்டியவர்கள் மலைக்குத்தான் ஓடினார்கள். எட்வர்ட் டயர் என்பவர் 1855-ஆம் ஆண்டளவில் இமயச்சாரலில் கசௌலியில் ஆலை வைத்தார். 1949-இல் அது நரேந்திரநாத் மோகனின் கைக்கு வந்து, பின் மோகன் மீக்கின் என்னும் குடும்பத் தொழிலாயிற்று. போர்ட் பிளேரிலோ ஆண்டு முழுவதும் 23 பாகைக்கும் 31 பாகைக்கும் இடையே வெப்பம் நிற்கும். சாச்சிக்கு மலை வேண்டாம். அந்த வெப்பத்துக்கென்றே அமைந்தாற்போல் இருக்கிறது அவர் பானை. எனவே ஹண்டியாவை ஏலின் உறவினள் என்றுதான் சொல்வேன். முளைக்குப் பதில் பூஞ்சை, அவ்வளவே வேறுபாடு.

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் ஏல் வடித்தவர்கள் வீட்டுப் பெண்கள்தாம். வடிப்பவளுக்கு ‘ப்ரூஸ்டர்’ என்று தனிச்சொல்லே அவர்கள் மொழியில் இருந்தது. பெரிய ஆலைகள் எழுந்தபின் தொழில் ஆடவர் கைக்குப் போயிற்று. சொல் சிலருடைய குடும்பப் பெயராய் மட்டும் எஞ்சி நிற்கிறது. ஆனால் கென்ட் மாவட்டத்துப் பேவர்ஷாமில் 1698 முதல் நடக்கும் ஷெப்பர்டு நீம் என்னும் குடும்ப ஆலையை அந்நாட்டார் பெருமையோடு காட்டுகிறார்கள். சுற்றுலாப் பயணிகள் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கிறார்கள்.

சாச்சியின் வீட்டுக்கும் ஒரு நாள் பார்வையாளர் வந்தார்கள். நான் பள்ளியிறுதி வகுப்பில் இருந்தேன். மூன்று பானைகளையும் முற்றத்துக்குக் கொண்டுவந்து உடைத்தார்கள். முற்றமெல்லாம் வெண்மை. கோழிகள் ஓடிவந்து கொத்தின. உரிமம் இன்றி விற்றது குற்றம். அதை நான் மறுக்கவில்லை. சாச்சி அழவில்லை. தண்டம் கட்டினார். அடுத்த வாரச் சந்தையில் வேறு பானைகள் வாங்கினார். ஆனால் அந்த மாதம் அவர் மகளுக்குக் கல்லூரி விடுதிக் கட்டணம் கட்ட முடியவில்லை.

அம்மகள் என் வகுப்புத் தோழி. ராஞ்சியில் இருக்கும் அவள் பெரியப்பன் பிள்ளைகள் பழங்குடியினர் என்று சான்றிதழ் வைத்திருக்கிறார்கள். இவளுக்கு அது இல்லை. அந்தமான் நிகோபார் தீவுகளுக்குரிய பட்டியலில் பெரிய அந்தமானியர், ஓங்கே, ஜாரவா, சென்டினலியர், நிகோபாரியர், சோம்பென் என்று ஆறு குடிகளே உண்டு. கடலைத் தாண்டியதும் ஓராவோன் பழங்குடி அல்லாதவன் ஆகிவிடுகிறான்! பட்டியல் தராததைத்தான் பானை தந்துகொண்டிருந்தது.

மது நல்லது என்று வாதாட நான் வரவில்லை. என் தந்தையார் அதைத் தொடாதவர்; நானும் அந்த ஒரு குவளையோடு நின்றவன். ஹண்டியாவால் கெட்டவர் எவரும் இலர் என்றும் சொல்லமாட்டேன். திருநாள் குடி நாள்தோறும் குடியாக மாறிய வீடுகளை அறிவேன். ஆனால் சாச்சியின் கணவர் பானையால் கெடவில்லை, புட்டியால் கெட்டார். அந்தப் புட்டி எங்கள் தீவில் அரசின் வளர்ச்சிக் கழகத்துக் கடையில் பற்றுச்சீட்டோடு கிடைக்கும். உடைப்பதற்கு அங்கே யாரும் போவதில்லை.

தாய்நாட்டு நண்பர்கள் இதைக் கேட்டு வியக்க வேண்டியதில்லை. சேலம் மாவட்டத்தில் 1937-இல் மதுவிலக்கு வந்தது, 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது, 1971-இல் தளர்ந்தது. பின் ஏறியும் இறங்கியும், 1987-இல் கள்ளுக்குத் தடை வந்தது. அத்தடை இன்றும் நிற்கிறது. ஆலைச் சரக்கையோ 2003 முதல் அரசின் வாணிபக் கழகமே கடை வைத்து விற்கிறது. பனையேறியின் கலயம் குற்றம், புட்டி வருவாய். 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் மடிந்தார்களே, அவர்களைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். சோற்றில் விளையும் புளிப்புக்கும் அந்த நஞ்சுக்கும் உறவு இல்லை. ‘கள்ளச்சாராயம்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் போட்டுக் கட்டுகிறோம்.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது பெரும்பாணாற்றுப்படையை எடுத்துச் சென்றிருந்தேன், தேர்வுக்குப் பாடம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மேல் பாடியது. உ. வே. சாமிநாதையர் 1889-இல் பதிப்பித்த பத்துப்பாட்டில் ஒன்று. அதில் வலைஞர் குடியில் கள் ஆக்கும் முறையைப் புலவர் அடுக்களையில் நின்று பார்த்தவர்போல் சொல்கிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, புற்றாஞ்சோற்றைப் போன்ற தோற்றமுடைய ‘நல்லடை’யைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். நல்லடையை முளை என்பர் உரைகாரர். அது முளையானால் ஆங்கிலேயன் செய்வது; ராணுவைப் போன்ற கட்டியானால் சாச்சி செய்வது. என் மனம் இரண்டாவதின் பக்கம் சாய்கிறது. ஆசிரியர்கள் மன்னிக்க! வீட்டில் ஆக்கிய நெற்கள்ளுக்குத் தோப்பி என்ற பெயரும் அப்பாட்டிலேயே இருக்கிறது.

ஓராவோன் மக்களின் குடுக்கு மொழி நம் திராவிடக் குடும்பத்தது. சாச்சிக்குச் சாத்ரியும் இந்துஸ்தானியுமே சரளம். தம் பாட்டி பேசிய குடுக்குச் சொற்கள் சில நினைவில் உண்டு. பல்லுக்குப் ‘பல்’ என்பார். நீ என்பதற்கு ‘நீன்’. நீருக்கு ‘அம்ம்’, நம் பழந்தமிழிலும் ‘அம்’ என்றால் நீர்தானே?

அந்தப் பகுதியை இந்துஸ்தானியில் மாற்றி அவருக்குச் சொன்னேன். முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டே கேட்டார். வியக்கவில்லை.

“எத்தனை நாள் என்றாய்?”

“இரண்டு பகல், இரண்டு இரவு.”

“மழைக்காலத்தில் அது போதாது. உங்கள் ஊரில் வெயில் கடுமை போலிருக்கிறது” என்றார். ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார். “கட்டியை எங்கே வாங்கினார்கள் என்று எழுதியிருக்கிறதா?”

எழுதவில்லை என்றேன்.

“எழுதமாட்டார்கள்” என்றார்.