60,000 ரூபாய்க்கு ஜப்பானில் ஃபிளாட்... வாங்கிய பிறகுதான் செலவே ஆரம்பம்!

டோக்கியோவில் ஷின்கான்சென் ரயில் ஏறினால் சுமார் ஒன்றே கால் மணி நேரப் பயணம். 22 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தைத் தாண்டி ரயில் வெளியே வரும்போது, குளிர்காலம் என்றால் எங்கு பார்த்தாலும் வெள்ளைதான். அதுதான் நீகாட்டா மாகாணத்தின் யுசாவா. நோபல் பரிசு பெற்ற யசுனாரி கவாபாட்டாவின் 'பனி தேசம்' நாவலின் களம்.

ஊரில் வசிப்பவர்கள் சுமார் 8,000 பேர். ஆனால், மலையடிவாரத்தில் வரிசையாக நிற்கும் அடுக்குமாடிகளில் இருப்பதோ சுமார் 15,000 ஃபிளாட்கள். ஆளைவிட வீடு அதிகம்!

1982-ல் ஷின்கான்சென் வந்தது. அடுத்து பனிச்சறுக்கு மோகம், கூடவே ஜப்பானில் நிலத்தின் விலை தாறுமாறாக ஏறிய காலம். வார இறுதியில் வந்து போக டோக்கியோவாசிகள் கோடிகளைக் கொட்டி வாங்கினார்கள். 1990-களில் அந்தக் குமிழி உடைந்தது. அன்று வாங்கியவர்களுக்கு இன்று வயதாகிவிட்டது. பிள்ளைகளுக்கோ பனிச்சறுக்கில் ஆர்வமில்லை. விளைவு, சில ஃபிளாட்கள் 1 லட்சம் யென்னுக்கே விற்பனைக்கு வருகின்றன. நம் பணத்தில் சுமார் 60,000 ரூபாய். நல்ல போனின் விலை!

இங்கேதான் உஷாராக வேண்டும். ஒவ்வொரு மாதமும் மெயின்டனன்ஸ் தொகை, ரிப்பேர் சேமிப்பு நிதி என இரண்டு தனித்தனிக் கட்டணங்கள். நம்மூரில் கார்பஸ் ஃபண்ட் என்பார்களே, இரண்டாவது ஏறக்குறைய அதுதான். வெந்நீர் ஊற்றுக் குளியல், லிஃப்ட், பனி அகற்றுதல் எல்லாவற்றுக்கும் யாராவது பணம் கட்டியாக வேண்டுமே. வீட்டுக்கு ஆளே வராவிட்டாலும் கட்ட வேண்டும். மாதம் 20,000 யென் என்று வைத்தாலும் வருடத்துக்கு 2,40,000 யென். வாங்கிய விலையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்! சொத்து வரி தனி.

இன்னொரு பொறியும் உண்டு. பழைய உரிமையாளர் கட்டணத்தைக் கட்டாமல் பாக்கி வைத்திருந்தால், அது வாங்குபவர் தலையில் விழும். ஜப்பானியச் சட்டமே அப்படித்தான். அதனால், எவ்வளவு பாக்கி, ரிப்பேர் நிதியில் எவ்வளவு இருப்பு என்ற அறிக்கையைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. ஒப்பந்தத்துக்கு முன்பு உரிமம் பெற்ற முகவர் இவற்றை விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது விதி. புரோக்கர் கமிஷன்? 80 லட்சம் யென் வரையிலான வீடுகளுக்கு, வரியோடு 3,30,000 யென் வரை கேட்க 2024 ஜூலையில் இருந்து அனுமதி உண்டு. வீட்டின் விலையைவிட அதிகம்.

பழைய ஃபிளாட் என்றால் பூகம்ப பயமும் வரும். 1981 ஜூன் 1-க்குப் பிறகு கட்டட அனுமதி பெற்றவற்றுக்குக் கடுமையான பூகம்ப விதிகள் பொருந்தும். யுசாவாவின் பெரும்பாலான கட்டடங்கள் அதற்குப் பிந்தையவை. ஜப்பானின் மற்ற ஊர்களில் இந்தத் தேதியை விசாரித்துவிடுவது நல்லது. வெளிநாட்டினரும் வாங்கலாம். ஆனால் வீடு கிடைத்தால் விசா கிடைக்காது.

இத்தனைக்கும் பிறகும் இங்கே விரும்பிக் குடியேறுகிறவர்கள் இருக்கிறார்கள். ரிட்டயர்டு தம்பதிகள், வீட்டில் இருந்தே டோக்கியோ ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள்... அவர்களுக்கு அந்த மாதக் கட்டணம் பாரமில்லை. வெளியே ஆள் உயரத்துக்குப் பனி குவிந்திருக்க, லிஃப்டில் இறங்கினால் கீழ்த்தளத்தில் கழுத்தளவு வெந்நீர். தினமும் மாலையில்.