கழற்றிய இருக்கை

மாமல்லபுரத்துச் சிற்பிகள் கருங்கல்லில் வடிக்கும் மாதா சுரூபங்களைச் செங்கல்பட்டுப் பகுதி ஆலயங்களுக்கு ஏற்றிச் செல்வது என் பிழைப்பு. இதற்காகவே டபுள் கேபின் பிக்கப்பின் பின்னிருக்கையைக் கழற்றினேன். அட்டையில் அளவு வெட்டிப் பார்த்து, 18 மி.மீ. மெரைன் பிளைவுட்டை அறுத்தேன். இருக்கையைப் பூட்டியிருந்த துளைகளிலேயே, உப்புக்காற்றுக்கு எளிதில் துருவேறாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுகளை முடுக்கினேன். சுரூபத்தைச் சுற்றி வைக்கோல் திணித்தேன், அசைவே இல்லை.

ஓரிரவு, மீனவக் குப்பத்தில் ஒரு பெண்ணுக்குப் பேறுகால வேதனை. வெறும் பலகைமேல் பாய் விரித்துச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு விரைந்தேன். ஒவ்வொரு குலுக்கலிலும் எழுந்த அவளது ஓலம் என் நெஞ்சில் தைத்தது. கல்லில் வடித்த தாய்க்கு இடம் செய்தவன், உயிருள்ள தாயின் இருக்கையையன்றோ பறித்திருந்தேன்! இறையருளால் குழந்தை நலமாய்ப் பிறந்தது.

பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றோடு முரண்படும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. அச்சட்டத்துக்கு அசையாத என் மனம் அந்த ஓலத்துக்கு அசைந்தது. மறுநாளே இருக்கையை மீண்டும் பூட்டினேன். சுரூபங்கள் இப்போது பின்தட்டில், வைக்கோலடைத்த மரப்பெட்டியில் பயணிக்கின்றன.

காயம்பட்டவனைச் சமாரியர் தம் சொந்த விலங்கின்மேல் ஏற்றினார். அன்று அதன் முதுகு நிறையச் சரக்கு இருந்திருந்தால்?