தூசு

பழைய நூல்களில் 'தூசு' என்றால் ஆடை என்றும் பொருள். இன்று அச்சொல் நமக்குப் புழுதியையே நினைவூட்டுகிறது. மரவேலைப் பட்டறைகளில் நிற்கும் டஸ்ட் கலெக்டரைப் பார்க்கும்போதெல்லாம் இவ்விரு பொருளும் ஒருசேர மனத்தில் எழும். அடிப்படையில் அது தூசைத் துணிப்பையால் பிடிக்கும் கருவி. அந்தத் துணிப்பை எதைப் பிடிக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பது பற்றிச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது.

பூந்தமல்லியை அடுத்த குத்தம்பாக்கத்தில் எங்கள் அண்ணன் ஒரு சிறு தச்சுப் பட்டறை நடத்துகிறார். கல்லூரி இல்லாத நாட்களில் அங்குள்ள எந்திரங்களைத் துடைத்து எண்ணெயிட்டுப் பழுது பார்ப்பது எங்கள் வழக்கம். குத்தம்பாக்கம் என்றதும், 1996இல் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வேதிப்பொறியாளர் இளங்கோ ரங்கசாமியும், தலித் குடும்பமும் பிற சாதிக் குடும்பமும் அடுத்தடுத்து வாழும் சமத்துவபுரத்து இரட்டை வீடுகளும் பலருக்கு நினைவுக்கு வரலாம். ஊருக்கு வேண்டியதை ஊரும் அண்டை ஊர்களுமே செய்துகொள்ள வேண்டும் என்பது அவர் வலியுறுத்தி வந்த கருத்து. எங்களுக்கும் அதில் உடன்பாடே. ஆனால் தொழில் ஊருக்குள் வரும்போது அதன் தூசும் உடன் வருகிறது. பெருந்தொழிற்சாலையில் அதைக் கவனிக்கத் தனி அதிகாரி இருப்பார். ஆறு பேர் வேலை செய்யும் கொட்டகையில் அந்தப் பொறுப்பு நம்மீதே விழுகிறது.

கையால் இழைத்த காலத்தில் இழைப்புளியிலிருந்து மரம் சுருள் சுருளாக விழும். காற்றில் மிதப்பது குறைவு. வட்ட ரம்பமும் சாண்டரும் அதே மரத்தை மாவாக்கிவிடுகின்றன. இங்கிலாந்தின் ஹை விக்கம், நாற்காலி செய்வதில் பெயர்பெற்ற நகரம். அங்குள்ள மரவேலைக்காரர்களிடம் மூக்கின் உட்பகுதியில் வரும் அரிய புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுவதை எஸ்மே ஹாட்ஃபீல்ட் என்னும் மருத்துவரும் உடன் ஆய்ந்தோரும் 1960களில் வெளிப்படுத்தினர். மரத்தூசு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தியது. நம் நாட்டிலோ, தூசு எழும் இடத்திற்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் உறிஞ்சும் கருவி இருக்க வேண்டுமென்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே தன் 14ஆம் பிரிவில் கூறியிருந்தது.

சென்ற ஆண்டு எங்கள் கருவியின் இழுவை குறைந்தது. ரம்பத்தின் அடியில் தூள் குவியத் தொடங்கியது. பார்த்தவர்களெல்லாம், மோட்டாருக்கு வயதாகிவிட்டது, பெரிதாக ஒன்று வாங்குங்கள் என்றார்கள். மோட்டாரைக் கடைசியாகத்தான் ஐயப்பட வேண்டும் என்பது எங்கள் முறை. முதலில் பை நிரம்பியிருக்கிறதா என்று பார்த்தோம். அடுத்து, ஓடாத எந்திரங்களுக்குச் செல்லும் குழாய்களின் அடைப்புத் தகடுகள் மூடியிருக்கின்றனவா என்று பார்த்தோம். குழாய்க்குள் காற்று நொடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடினால்தான் மரத்தூள் படியாமல் போகும். ஒரு தகடு வீணே திறந்திருந்தாலும் வேகம் தளர்ந்து தூள் வழியிலேயே தங்கிவிடும். மூன்றாவது, நெளிகுழாயின் வளைவில் மரச்சிம்பு குறுக்கே சிக்கியிருக்கிறதா என்பது. நான்காவது, சைக்ளோன் எனப்படும் கூம்பின் அடியிலுள்ள டிரம். கூம்புக்குள் காற்று சுழலும்போது கனத்த தூள் சுவரோரம் ஒதுங்கி டிரம்முக்குள் இறங்கும். மூடியின் ரப்பர் வளையம் கிழிந்து காற்றுப் புகுந்தால், இறங்கிய தூள் மீண்டும் மேலேறித் துணிப்பையை அடைத்துவிடும்.

இவையனைத்தும் சரியாகவே இருந்தன. உதவிக்கு நின்ற இளைஞர்தாம் விசிறி உறையின் மேலிருந்த அம்புக்குறியைக் காட்டி, "சார், இது எதிர்ப்பக்கமா சுத்துதே?" என்றார். சில வாரங்களுக்குமுன் காயில் கட்டிவந்த மோட்டாரை மாட்டியபோது மும்முனை இணைப்பில் இரண்டு கம்பிகள் இடம் மாறியிருந்தன. இவ்வகை விசிறி தலைகீழாகச் சுழன்றாலும் காற்றை எதிர்த்திசையில் தள்ளாது. பழைய திசையிலேயே இழுக்கும். ஆனால் வெகுவாகக் குறைத்து இழுக்கும். அதனால்தான் எவருக்கும் ஐயம் எழவில்லை. கம்பிகளை மாற்றியதும் பழைய இழுவை திரும்பிவிட்டது. செலவு ஒன்றுமில்லை.

தரை சுத்தமானது. ஆயினும் எங்கள் மூத்த தச்சருக்கு இருமல் நிற்கவில்லை. மாலையில் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் தேக்கின் நிறம். ஓரிரவு விளக்குகளை அணைத்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த கருவியின் பின்புறமிருந்து டார்ச் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தோம். துணிப்பையைச் சுற்றி நுண்தூசு புகைபோல் மிதந்துகொண்டிருந்தது. மனித முடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். நுரையீரலை எட்டும் துகள்களோ 10 மைக்ரானுக்கும் சிறியவை. மலிவான துணிப்பைகள் பல 30 மைக்ரான் அளவினவே. கண்ணுக்குத் தெரியும் தூளைப் பிடித்துக்கொண்டு, தெரியாததைக் கொட்டகை முழுவதும் பரப்பும் வேலையைக் கருவி செவ்வனே செய்துவந்தது. இழுவை கூடியபின் அது இன்னும் விரைவாக நடந்தது.

கருவியை வெளியே வைத்துவிடலாமென்று ஒரு யோசனை எழுந்தது. வெளியே என்றால் அடுத்த வீட்டாரின் துணி காயும் கொடி. ஆகவே பையைக் கழற்றிவிட்டு 1 மைக்ரான் அளவிலான மடிப்பு வடிகட்டியை வாங்கி மாட்டினோம். விலை அதிகம், பராமரிப்பும் அதிகம். வடிகட்டியின் இருபுறத்தையும் இணைத்து, நீர் நிரப்பிய வளைகுழாய் ஒன்றைச் சுவரில் பொருத்தியிருக்கிறோம். இருபக்க நீர்மட்ட வேறுபாடு கூடினால் வடிகட்டி அடைகிறது என்று பொருள். திடீரெனக் குறைந்தால் கிழிந்திருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தூசு ஈரங்கோத்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் அம்மாதங்களில் அடிக்கடி தட்டிவிட வேண்டும். டிரம்மைக் கொட்டுபவர் முகக்கவசம் அணிந்தே கொட்ட வேண்டும். இரும்பு அரைக்கும் கிரைண்டரை இக்குழாயோடு இணைக்கவே கூடாது. ஒரு பொறி போதும்.

மூத்த தச்சரின் இருமல் குறைந்திருக்கிறதேயன்றி நிற்கவில்லை. 30 ஆண்டுகளாக உள்ளே போனதை எந்த வடிகட்டியும் வெளியே எடுத்துவிடாது. அம்புக்குறியைக் காட்டிய இளைஞருக்கு வயது 22. ஞாயிறுதோறும் அந்த நீர்மட்டத்தைக் குறித்துவைப்பது பெரிதும் அவரை எண்ணித்தான்.