கூரகலைக்குப் பஸ்ஸில் போனோம்



சனிக்கிழமை ஏழு பிள்ளைகளோடு கல்தொட்டை பஸ் ஏறினோம். தஞ்சந்தென்னயில் இறங்கி, மிச்சம் நடை. நம் ஊர்க் குளிர் போய், காய்ந்த காடும் வெயிலும்.

மலையில் ஒரு பிள்ளை கேட்டது: "ஸேர், இது உண்மையா யாருடைய இடம்?"

எங்கள் வாப்பாமாருக்கு இது ஜெய்லானி. 1922 முதல் கூடிய பள்ளி. குகையில் பௌத்த சங்கத்துக்குக் கொடுத்ததைச் சொல்லும் 2,000 வருஷத்துக்கு மேற்பட்ட பிராமி எழுத்து. மண்ணுக்கடியில் கிடைத்ததோ கற்கால மனிதரின் எலும்பு. அவர்களுக்கு உலகம் வைத்த பெயர் 'பலாங்கொடை மனிதன்'.

எல்லாவற்றையும் சொன்னோம். எதையும் மறைக்கவில்லை.

"அப்ப நாங்க எல்லாருமே பிந்தி வந்தவங்களா ஸேர்?"

"ஓம் மகன்."

பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். தண்ணீர் கொண்டு போங்கள். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.