கண்ணுக்குப் புலனாகாத தொழிலாளர்

தமிழிலக்கியம் பயிலும் எமக்கு நுண்ணுயிர்களைப் பற்றி எழுதுதற்கு யாது உரிமை என்று அன்பர் சிலர் நகைக்கலாம். பாலாற்றங்கரையிலே பிறந்து, உவர்த்த கிணற்றுநீரைச் சுவைத்து வளர்ந்தோம் என்பதே எமது உரிமையாகும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களிலே தோல் பதனிடுந் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறளிக்கின்றது. எம் வீட்டு அடுப்பு எரிந்ததும் அத்தொழிலாலேயாம். ஆகலின் அதனை இகழ்தலும் எமக்கு இயலாது. அதன் கழிவைக் கண்டும் காணாதிருத்தலும் இயலாது.

முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயுங் கொண்டு தோல் பதனிட்டனர். பின்னர்க் குரோமிய உப்பு பெரும்பாலும் அவற்றின் இடத்தைக் கவர்ந்தது. பச்சைத்தோல் அழுகாதிருக்க உப்பும், மயிர் களையச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் இடப்படுகின்றன. இவற்றோடு தோலினின்று கழன்ற புரதமுங் கொழுப்புங் கலந்து வெளிவருவதே கழிவுநீர்.

இந்நீரைத் தூய்மை செய்வதில் நுண்ணுயிர்கள் ஆற்றும் பணி வியத்தற்குரியது. முதற்கண் காரஞ் சேர்த்துக் குரோமியத்தைப் படியவைத்துப் பிரிப்பர். பின்னர் நீரைப் பெருந்தொட்டியில் விட்டு இடையறாது காற்றூட்டுவர். ஆங்கு வாழும் பாக்டீரியாக்கள் புரதத்தையுங் கொழுப்பையும் இரையாகக் கொண்டு பெருகி, திரள் திரளாகக் கூடி, அடுத்த தொட்டியின் அடியிற் படியும். அச்சேற்றில் ஒரு பகுதியை மீண்டும் முதல் தொட்டியில் விடின், பசித்த அவ்வுயிர்கள் புதிய கழிவை உண்ணத் தொடங்கும். 1914-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டர்ன், லாக்கெட் என்னும் இருவர் வெளியிட்ட முறை இது.

எனினும் அவை யாவற்றையும் உண்ணமாட்டா. உயிருடம்பினின்று வந்த பொருளை உண்ணுமேயன்றி, உப்பை உண்ணும் ஆற்றல் அவற்றுக்கில்லை; உப்பு மிகின் அவையே நலியும். நாற்றம் நீங்கித் தெளிந்த நீரும் உவர்நீராகவே நிற்கும். உப்பைப் பிரிக்க நுண்சவ்வின் வழியே நீரை அழுத்திச் செலுத்துதல் வேண்டும். அதற்குச் செலவு மிகுதி. பிரிந்த உப்பை வைக்க இடமும் வேண்டும்.

அச்செலவு யாரைச் சேர்ந்தது? வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், கெடுத்தவரே ஈடுசெய்தல் வேண்டும் என உச்சநீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. நன்று. ஆயினும் 2015 சனவரி 31 அன்று, இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத்தொட்டி உடைந்து, இரவில் உறங்கிய தொழிலாளர் பதின்மர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் வங்கத்தினின்று பிழைக்க வந்தவர்.

நுண்ணுயிர்கள் கூலி கேளா. உறங்கவும் இடங் கேளா. ஆனால் அவை விட்டுச்செல்லுஞ் சேற்றின் அருகே வாழ்பவர் மனிதரன்றோ! உடன் பயிலும் வேதியியல் மாணவரே, தோலில் இடும் உப்பைக் குறைக்கும் வழியை நாடுமின். கழிவைத் தின்னும் உயிர்களைக் கண்டறிந்த அறிவு, கழிவைச் சுமக்கும் உயிர்களையுங் காக்கும் நாளே, பாலாறு தன் பெயருக்கேற்ற நீரைப் பெறும் நாளாகும் என்பது எம் துணிபு.