நக்கிள்ஸ் மலையில் வழித்துணை

கண்டி நகருக்கு வடகிழக்கே, முடக்கிய கைவிரல் மொளிகளைப் போல உயர்ந்து நிற்கின்றது நக்கிள்ஸ் மலைத்தொடர். அத்தோற்றங்கண்டே ஆங்கில நில அளவையாளர் அதற்கு அப்பெயரிட்டனர். அதன் அதியுயர் சிகரமாகிய கொம்பானியா 1,906 மீற்றர் உயரமுடையது. மத்திய மலைநாட்டின் ஏனைய இரு பகுதிகளுடன் இதனையும் 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

மலையின் அழகு பெரிது, ஆபத்தும் சிறிதன்று. மூடுபனி இறங்கினால் அண்மையிலுள்ள பாதையும் கண்ணுக்குப் புலப்படாது. ஆதலின், கைத்தொலைபேசியில் எந்த வழிகாட்டிச் செயலியைக் கொண்டு செல்வது என்பதை வீட்டிலேயே தீர்மானித்தல் வேண்டும்.

நகர வீதிகளுக்கு உகந்த கூகிள் வரைபடம் காட்டின் ஒற்றையடிப் பாதைகள் பலவற்றை அறியாது. 2004இல் தொடங்கிய ஓப்பின் ஸ்றீற் மாப் பொதுமக்கள் கூடி வரைவது. நடந்தோர் குறித்த காட்டுவழிகளும் அதிலுண்டு. அதனை ஆதாரமாகக் கொண்ட ஓஸ்மாண்ட், ஓகானிக் மாப்ஸ் ஆகியன, முன்னரே இறக்கிவைத்த படத்தை இணையத் தொடர்பின்றியே காட்டும். நாம் நிற்குமிடத்தைச் செயற்கைக் கோள்களே உணர்த்துகின்றன அன்றோ?

செயலியிற் சமவுயரக் கோடுகள் உளவா என நோக்குக. கோடுகள் நெருங்குமிடம் செங்குத்துச் சரிவாகும். நடந்த வழியைப் பதியும் வசதியும் இன்றியமையாதது. பனி மூடியபோது அச்சுவடே நம்மை மீட்டுத்தரும்.

மின்கலம் தீர்ந்தாற் செயலியும் ஊமையே. ஆதலின் நில அளவைத் திணைக்களத்தின் காகிதப் படமும், திசையறி கருவியும், மலையறிந்த ஊரவர் ஒருவரும் உடனிருத்தல் நன்று. பொழுது சாயுமுன் திரும்பும் மதியை எச்செயலியும் தாராது. அதனை நாமே கொண்டு செல்லல் வேண்டும்.